சித்தப்பாவின் ஆறு மாடுகள்: விவசாய சர்வேக்கு மாதிரி எடுப்பது எப்படி?

எங்கள் ஊர் பர்மாவில், பெகுவுக்குக் கிழக்கே, சிட்டாங் ஆற்றுப் பக்கம். மழைக்காலத்தில் நெல், அறுத்த ஈரம் காய்வதற்குள் உளுந்து. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் சர்வே எடுக்க இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கையில் நிலப் பட்டியல். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து எத்தனை ஏக்கர், எத்தனை கூடை நெல், உரம் எத்தனை மூட்டை என்று வரிசையாகக் கேட்டார்கள். அப்புறம் கறவை மாடு உண்டா என்றார்கள். அப்பா இல்லை என்றார். எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டில் சித்தப்பா அப்போதுதான் பால் கறந்து முடித்து கேன் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு கறவை மாடுகள். நிலம் மட்டும் ஒரு சாண்கூடக் கிடையாது. பட்டியலோ நிலம் உள்ளவர்களின் பட்டியல். அதனால் அந்த வீட்டுப் படியை அவர்கள் மிதிக்கவே இல்லை. அந்த சர்வேயின் கணக்குப்படி எங்கள் தெருவில் மாடே கிடையாது.

இது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிற்பாடு நானே சர்வே வேலைக்குப் போனேன், அதற்கான கணக்கும் கொஞ்சம் படித்தேன். இப்போது நம் பிள்ளைகள் பலர் அந்த வேலைக்குப் போகிறார்கள். போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் தாங்களே கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நெல், உளுந்து, மாடு, கோழி, வெற்றிலைக் கொடிக்கால், கூலி வேலை, கடன் எல்லாம் ஒரே நோட்டில். "எத்தனை வீடு போனா போதும் அண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறோம். எந்த வீடு, அதை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. அன்று அவர்களிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அண்டாவும் கரண்டியும்

மாதிரி எடுப்பதை, அதாவது சில வீடுகளை மட்டும் கேட்டு ஊர் முழுவதையும் கணிப்பதை, விளக்க ஒரு பானைச் சோற்றையும் ஒரு பருக்கையையும் சொல்வது வழக்கம். தீமிதி அன்னதானத்துக்குப் பெரிய அண்டாவில் சோறு வடித்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அடி பிடித்திருக்கும், நடுவில் பதமாக இருக்கும், மேலே அரிசி அரிசியாக நிற்கும். எங்கள் கோயிலில் சமைக்கும் பெரியவர் கரண்டியை மூன்று ஆழத்தில் விட்டு மூன்று முறை எடுத்துப் பார்ப்பார். சாம்பாரில் உப்புப் பார்க்க மட்டும் ஒரே ஒரு சொட்டு. ஏனென்றால் அதை நன்றாகக் கலக்கியிருப்பார். சின்னச் சட்டியானாலும் பெரிய அண்டாவானாலும் அவருக்கு அதே கரண்டிதான்.

இந்த ஒரு அடுப்படிக்குள்ளேயே பாதிப் பாடம் இருக்கிறது. பொருள் நன்றாகக் கலந்திருந்தால் கொஞ்சம் எடுத்தால் போதும், பாத்திரம் எவ்வளவு பெரியது என்பது அநேகமாகக் கணக்கில் வராது. ஆயிரம் வீட்டுக்கு நூறு வீடு எடுத்தோம், அதனால் பத்தாயிரம் வீட்டுக்கு ஆயிரம் எடுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். பொருள் கலக்காமல் கிடந்தால் எங்கே கரண்டி விடுகிறோம் என்பதுதான் எல்லாம். விவசாயமோ கலக்காத அண்டா. ஆற்றோர வயல் ஒரு மாதிரி, மேட்டு வயல் ஒரு மாதிரி. மூன்று ஏக்கர்காரருக்கு ஒரு பாடு, ஐம்பது ஏக்கர்காரருக்கு வேறு பாடு.

நூறு வீட்டு ஊர்

கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். 100 விவசாய வீடுகள். 80 வீடுகளுக்குத் தலா 3 ஏக்கர், 15 வீடுகளுக்குத் தலா 10 ஏக்கர், 5 வீடுகளுக்குத் தலா 50 ஏக்கர். கூட்டினால் 640 ஏக்கர். இது நமக்குத் தெரியாது, 10 வீடு மட்டும் போய்க் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள்.

நூறு பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பத்து எடுப்பது எளிய வழி. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. ஆனால் பத்துச் சீட்டிலும் ஐம்பது ஏக்கர்காரர் ஒருவர்கூட வராமல் போக 58 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படி வராவிட்டால் நம் கணக்கு சுமார் 410 ஏக்கரில் வந்து நிற்கும். ஒருவர் வந்துவிட்டால் சுமார் 870 ஆகிவிடும். இரண்டு பேர் வந்தால் 1,300-ஐத் தாண்டும். உண்மையான 640-க்குப் பக்கத்தில் அது வருவது அபூர்வம். சராசரியாகப் பார்த்தால் சரியான முறை; பத்து வீட்டோடு நிறுத்தினால் அநேகமாக ஒவ்வொரு தடவையும் தவறு.

அதனால் பெரியவர் கரண்டி விட்டது போல ஊரை முதலில் மூன்று அடுக்காகப் பிரிக்கிறோம். ஐம்பது ஏக்கர்காரர் ஐந்து பேரையும் விடாமல் எடுத்துக்கொள்கிறோம். பத்து ஏக்கர்காரர்களில் 2 பேர், மூன்று ஏக்கர்காரர்களில் 3 பேர். இது அடுக்கு முறை. எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு, அதாவது அந்த வீடு எத்தனை வீட்டுக்காகப் பேசுகிறது என்ற எண். பெரிய வீடு தனக்காக மட்டும் பேசுகிறது, பெருக்கு எண் 1. நடு அடுக்கில் 15-ஐ 2-ஆல் வகுத்தால் 7.5. சின்ன அடுக்கில் 80-ஐ 3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26.7. பெருக்கிக் கூட்டினால் 640 ஏக்கர் அப்படியே வருகிறது.

எந்த அடுக்கில் எத்தனை வீடு எடுப்பது என்பதற்கு போலந்துப் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1934-இல் ஒரு விதியைத் தெளிவாக்கினார். பெரிய அடுக்கில் அதிகம் எடு, உள்ளே ஏற்றத்தாழ்வு அதிகம் உள்ள அடுக்கிலும் அதிகம் எடு. இரண்டையும் பெருக்கி அந்த விகிதத்தில் பங்கு போடு. இன்றைக்கும் இதுதான் ஆரம்பம்.

கோழி வந்து கெடுத்த கணக்கு

ஒரே ஒரு கேள்வி என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம். நாம் எடுப்பது பல நோக்கு சர்வே. ஊருக்கு ஒரு தடவை போவதற்கே வண்டி, படகு, சாப்பாடு, மூன்று நாள் கூலி என்று செலவாகிறது. நெல்லுக்கு ஒரு சர்வே, மாட்டுக்கு ஒரு சர்வே என்று யாரும் தனித்தனியாக நடத்த முடியாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம்கூட ஒரே சர்வேயை வைத்துக்கொண்டு, அடிப்படைக் கேள்விகளை வருடாவருடமும், மற்றவற்றைச் சுழற்சியாகவும் பத்து வருடத்துக்குப் பரப்பிக் கேட்கும் திட்டத்தைத்தான் நாடுகளுக்குச் சொல்கிறது.

அதே பத்து வீடுகளில் கோழிகளையும் எண்ணுகிறோம் என்று வையுங்கள். ஐம்பது ஏக்கர்காரர் வீட்டில் கோழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்க்கணக்கு பெரிதாக மாறாது. கோழி இருப்பது சின்ன வீடுகளில். அங்கிருந்து நாம் எடுத்தது மூன்றே மூன்று வீடு. ஒன்றில் கோழி இல்லை, ஒன்றில் 4, ஒன்றில் 20 என்றால் அந்த அடுக்குக்கு மொத்தம் 640 கோழி என்று கணக்கு வரும். அந்த 20 கோழி வீட்டுக்குப் பதிலாகக் கோழியே இல்லாத இன்னொரு வீடு குலுக்கலில் வந்திருந்தால் 107. ஒரு சீட்டு மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

ஏக்கர் கணக்குக்குத் தங்கமான மாதிரி, கோழிக்கு உதவாத மாதிரி. பல நோக்கு சர்வேயில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஒரு மாதிரி கிடையாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால்தான் எந்தக் கேள்வி முக்கியம், அதில் எவ்வளவு பிசகு வந்தால் தாங்கும் என்று உட்கார்ந்து பேசுவோம். நெல் உற்பத்தி நூற்றுக்கு ஐந்துக்குள் தெரிய வேண்டும், கோழி நூற்றுக்கு இருபது தவறினாலும் பரவாயில்லை என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு அடுக்கிலும் எல்லா நிபந்தனைகளும் நிறைவேறும்படி மிகக் குறைந்த செலவில் எத்தனை வீடு என்று கணக்குப் போடலாம். இதற்குக் கணினி நிரல்கள் வந்துவிட்டன. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டிய வேலை நம்முடையது.

ஏக்கருக்கு ஒரு சீட்டு

அடுக்காகப் பிரிக்காமலே பெரிய வீட்டுக்கு அதிக வாய்ப்புக் கொடுக்க இன்னொரு வழி உண்டு. வீட்டுக்கு ஒரு சீட்டு போடாமல் ஏக்கருக்கு ஒரு சீட்டு போடுவது. இதைக் கையாலேயே செய்யலாம். பட்டியலில் முதல் வீட்டுக்கு 3 ஏக்கர், சீட்டு எண் 1 முதல் 3 வரை. இரண்டாம் வீட்டுக்கும் 3 ஏக்கர், 4 முதல் 6. மூன்றாம் வீட்டுக்கு 10 ஏக்கர், 7 முதல் 16. நான்காம் வீடு 17 முதல் 19. இப்படியே போனால் கடைசி வீடு 640-இல் முடியும். பத்து வீடு வேண்டும், 640-ஐப் பத்தால் வகுத்தால் 64. ஒன்றிலிருந்து 64-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறோம். 17 வந்தது என்று வையுங்கள். நான்காம் வீடு தேர்வாகிவிட்டது. அடுத்தது 81, அதற்கடுத்தது 145, இப்படி 64, 64-ஆகக் கூட்டிக்கொண்டே போனால் பத்து வீடும் வந்துவிடும்.

இதில் 50 ஏக்கர் வீடு வர 78 சதவீத வாய்ப்பு, 3 ஏக்கர் வீடு வர 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாய்ப்பு சமமாக இல்லையே, இது நியாயமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. வாய்ப்பு சமமாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும், பூஜ்யமாக இருக்கக்கூடாது. தெரிந்தால் அதைத் தலைகீழாக்கிப் பெருக்கு எண்ணாக்கி ஈடுகட்டிவிடலாம். 3 ஏக்கர் வீட்டுக்குப் பெருக்கு எண் 21 சொச்சம், 50 ஏக்கர் வீட்டுக்கு 1.28.

பூஜ்யம் என்ற இடத்தில்தான் சித்தப்பா நிற்கிறார். ஏக்கருக்கு ஒரு சீட்டு என்றால் அவருக்கு ஒரு சீட்டும் இல்லை. பூஜ்யத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் மனசு கனக்கிறது, ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. நம் ஆட்களில் எத்தனை பேர் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பால் கறந்தும் வாழ்கிறவர்கள், பெயரில் நிலம் இல்லாதவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1948-லும் 1953-லும் வந்த நில தேசியமயச் சட்டங்களிலிருந்தே இங்கே நிலம் அரசுடையது. உழுகிறவருக்கு உரிமை மட்டும். 2012 விளைநிலச் சட்டம் வந்த பிறகு அந்த உரிமைக்குச் சான்று படிவம் 7. படிவம் 7 வைத்திருப்பவர் பட்டியலை எடுத்துக்கொண்டு சர்வேக்குக் கிளம்பினால் குத்தகைக்கு உழுகிறவர், வேறொருவர் பெயரில் உழுகிறவர், நிலமே இல்லாதவர் மூன்று பேரும் கிளம்பும்போதே விடுபட்டுப் போகிறார்கள்.

இதற்கு மருந்து என்ன? நிலமில்லாத வீடுகளைத் தனி அடுக்காக வைத்து அதிலிருந்து தனியாகக் குலுக்குவது ஒன்று. இன்னொன்று, அமெரிக்க வேளாண்மைத் துறையின் புள்ளியியல் பிரிவு 1990-களில் கையாளத் தொடங்கிய வழி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏக்கரை வைத்து ஒரு வாய்ப்பு, மாட்டை வைத்து ஒரு வாய்ப்பு, வெற்றிலையை வைத்து ஒரு வாய்ப்பு என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, அதில் எது பெரியதோ அதை அந்த வீட்டுக்குக் கொடுப்பது. ஏக்கர்படி பூஜ்யம், மாட்டின்படி 0.5 என்றால் சித்தப்பா வீட்டுக்கு வாய்ப்பு 0.5. இப்படிச் செய்யும்போது மாதிரியில் வீடுகள் கொஞ்சம் கூடும், செலவும் கூடும். என்னைக் கேட்டால் அந்தச் செலவு தகும்.

ஆனால் இதற்கு யாரிடம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே ஓரளவு தெரிய வேண்டும். அதனால் தேர்வுக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய் வீட்டுக்கு ஐந்து நிமிடம் செலவழித்துப் பட்டியல் எழுத வேண்டும். நாட்டில் விவசாயக் கணக்கெடுப்பு 1993, 2003, 2010 என்று சில வருடங்களுக்கு ஒருமுறைதான் நடந்திருக்கிறது. அந்தப் பட்டியல் நாளாக ஆகப் பழசாகும். பிள்ளை தனிக்குடித்தனம் போயிருப்பான், அப்பா இறந்திருப்பார், ஒரு குடும்பம் மொத்தமாக ரங்கூனுக்கோ தாய்லாந்துக்கோ போயிருக்கும்.

வரைபடத்தில் புள்ளி வைப்பது

பட்டியலே நம்ப முடியாதபோது வீட்டை விட்டுவிட்டு நிலத்தைப் பிடிக்கலாம். ஆள் இடம் மாறுவார், வயல் மாறாது. பர்மாவில் இதற்கு நல்ல அடித்தளம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே வயல்வெளியைக் குவின், குவினாகப் பிரித்து, ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரப்பு வரப்பாக வரைபடம் போட்டார்கள். குவின் என்றால் பர்மியில் வெட்டவெளி, வயல்வெளி. ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. நிலப் பதிவேட்டு ஊழியர்கள் பருவத்துக்குப் பருவம் எந்தத் துண்டில் என்ன பயிர் என்று குறித்து வந்திருக்கிறார்கள்.

அந்த வரைபடத்தின் மேலோ இப்போது செயற்கைக்கோள் படத்தின் மேலோ குலுக்கலாகப் புள்ளிகள் வைக்கிறோம். புள்ளி விழுந்த வயலுக்கு நேரில் போய் என்ன பயிர் என்று பார்க்கிறோம், உழுகிறவரைத் தேடிப் பிடிக்கிறோம். எந்த வயலும் குலுக்கலிலிருந்து விடுபடாது. பயிர்ப் பரப்பளவைச் சொல்ல இதைவிட நல்ல வழி குறைவு. கஷ்டமும் உண்டு. உழுகிறவர் பெகு டவுனில் குடியிருப்பார், ஆள் கிடைக்க இரண்டு நாள் ஆகும். புள்ளி எப்போதும் நிலத்தில்தான் விழும் என்பதால் நிலமில்லாத வீட்டின் மாடும் கோழியும் இந்த வழியிலும் வராது. எனவே வீட்டுப் பட்டியல் ஒன்றும் கூடவே வேண்டியிருக்கிறது.

வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி அரிதான பயிருக்கும் இதே நிலைமைதான். ஒரு வட்டாரத்தில் கொடிக்கால் வைத்தவர் சில பேர்தான் என்றால் ஆயிரம் புள்ளி வைத்தாலும் அதில் ஒன்றோ இரண்டோதான் விழும். வெற்றிலை வியாபாரியிடம் போய்க் கேட்டால் யார் யார் என்று அரை மணியில் சொல்லிவிடுவார். அதைத் தனிப் பட்டியலாக வைத்து முழுசாகவோ பாதியாகவோ எடுத்துக்கொள்ளலாம். பெரிய கோழிப் பண்ணைகளுக்கும், தட்டோன், முடோன் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் இதே வழிதான். இரண்டு பட்டியலைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒரு வீடு இரண்டிலும் இருந்துவிட்டால் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். அதனால் பொதுப் பட்டியலிலிருந்து வந்த ஒவ்வொரு வீட்டின் பெயரும் தனிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். சின்ன வேலைதான், மறந்தால் வெற்றிலை விளைச்சல் ஏகத்துக்கு ஏறிவிடும்.

பக்கத்து வீடு புதிதாக என்ன சொல்லும்?

நம் நாட்டில் டவுன்ஷிப்புகள் முன்னூற்றுக்கு மேல், ஊர்த்தொகுதிகள் ஆயிரக்கணக்கில். எல்லா ஊரிலும் வீட்டுப் பட்டியல் எழுத யாராலும் முடியாது. அதனால் முதலில் ஊர்களைக் குலுக்கி எடுக்கிறோம், எடுத்த ஊரில் மட்டும் பட்டியல் எழுதி வீடுகளைக் குலுக்குகிறோம். இது இரண்டு கட்ட முறை. செலவு மிச்சம். ஆனால் ஒரே ஊரில் பத்து வீட்டில் கேட்டால் பத்து வீடும் அநேகமாக ஒன்றையே சொல்லும். சிட்டாங்கில் வெள்ளம் வந்த வருடம் எங்கள் ஊரில் முதல் வீட்டில் கேட்டாலே போதும், மீதி ஒன்பது வீட்டிலும் அதே பதில்தான்.

இந்த ஒற்றுமைக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். 50 ஊர், ஊருக்கு 10 வீடு, மொத்தம் 500 வீடு என்று வைப்போம். வெள்ளச் சேதம் மாதிரி ஊரே ஒன்றாகப் படுகிற விஷயத்துக்கு அந்த எண் 0.3 என்றால், ஊருக்கு முதல் வீடு போக மீதி 9-ஐ 0.3-ஆல் பெருக்கி 1 கூட்ட 3.7; 500-ஐ அதால் வகுத்தால் 135. நம் 500 வீடும் உண்மையில் நாடு முழுக்கச் சிதறி எடுத்த 135 வீட்டுக்குத்தான் சமம். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒற்றுமை 0.05 தான் என்றால் அதே 500 வீடு 345 வீட்டுக்குச் சமம். மாதிரி ஒன்றுதான், கேள்விக்குக் கேள்வி அதன் மதிப்பு மாறுகிறது. இதையே 100 ஊர், ஊருக்கு 5 வீடு என்று மாற்றினால் வெள்ளச் சேதத்துக்கு 135 என்பது 227 ஆகும். பெட்ரோல் செலவும் ஏறும். எனவே பணம் இருக்கிற வரைக்கும் ஊரைக் கூட்டுங்கள், ஊருக்குள் வீட்டைக் குறையுங்கள் என்பேன்.

கால் எங்கே போகிறது

காகிதத்தில் எவ்வளவு நல்ல முறை போட்டாலும் வயலில் கெட்டுப்போகலாம். ஏக்கருக்கு எத்தனை கூடை என்று விவசாயியைக் கேட்டு எழுதினால், அவர் கூடை எவ்வளவு பெரியது என்ற பிரச்சினை வரும். நெல்லுக்கு அரசாங்கக் கூடை 46 ராத்தல். வீட்டுக் கூடை அதற்குக் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். அதனால் வயலில் ஒரு சின்னத் துண்டைக் குறித்து அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பார்கள்.

இதற்கு ஒரு நல்ல பழைய கதை உண்டு. பர்மா இன்னும் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்தபோது, 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிசாவில் ஹப்பாக் என்ற அதிகாரி குலுக்கல் முறையில் நெல் அறுத்துப் பார்த்தார். அவர் அறுத்தது ஏக்கரில் 3,200-இல் ஒரு பங்கு, சுமார் பதின்மூன்றரைச் சதுர அடி முக்கோணம். ஏன் 3,200? மணங்கும் தோலாவும் அன்றைய எடை அளவுகள், ஒரு மணங்குக்கு 3,200 தோலா. அந்த முக்கோணத்தில் எத்தனை தோலா நெல் வந்ததோ, ஏக்கருக்கு அத்தனை மணங்கு. வயலில் நின்றபடியே கணக்கு முடிந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் துண்டு சின்னதாக இருந்தால் ஓரத்தில் நிற்கும் பயிர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வரும். கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் ஓரம்; ஐந்து மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர்தான். சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று பிற்பாடு இந்தியப் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் காட்டினார்கள். இந்தியாவில் பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று அறுப்பது அதனால்தான்.

எங்கே அறுப்பது என்பதையும் குலுக்கல்தான் சொல்ல வேண்டும். நீள வரப்பில் 37 எட்டு, உள்ளே 22 எட்டு என்று எண் வரும். நான் ஒருமுறை அப்படி நடந்து போய் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கிப் பயிர் பாதிதான் நின்றது. வயல்காரர், "அங்க நண்டு வெட்டினது தம்பி, அதுல என்ன இருக்கு? இந்தப் பக்கம் வா, கதிரு எப்படிச் சாஞ்சி நிக்குது பாரு" என்று கையைப் பிடித்தே இழுத்தார். தன் உழைப்பைக் குறைவாக எழுதிவிடுவானே என்ற வருத்தம் அவருக்கு. என் காலும் அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தது. அவருடைய நல்ல பக்கம் இன்னொரு குலுக்கலில் வரும், நண்டு வெட்டின இடமும் அவர் வயல்தானே என்று சொல்லி அங்கேயே கயிறு கட்டினேன்.

வீட்டுக்கும் இதேதான். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எழுதிவிட்டு வரும் பழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டியிருக்கும் வீடு என்பது இரண்டு பேரும் கூலிக்குப் போன வீடு; திறந்திருக்கும் வீடு ஆள் உட்கார்ந்திருக்கும் வீடு. இரண்டும் ஒன்றாகாது. சாயங்காலம் இன்னொரு தடவை போங்கள். மகலனோபிஸ் 1937-இல் வங்காளத்தில் சணல் சர்வே தொடங்கியவர். அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாதிரிகளை எடுத்து இரண்டு குழுவிடம் கொடுப்பார். இரண்டு பேரின் கணக்கும் வெகுதூரம் விலகினால் வயலில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நாலு பிள்ளைகளை இரண்டு இரண்டாகப் பிரித்தால் நம் ஊரிலேயே செய்யலாம்.

போகவே முடியாத ஊர்களும் இப்போது உண்டு. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ரக்கைன், கச்சின், கயின் மாநிலங்களில் சில பகுதிகளை நேரில் எண்ண முடியவில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் பதிலாக ரோட்டோர ஊரைப் போட்டு நிரப்ப வேண்டாம். எந்த ஊர்கள் விடுபட்டன என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகள் இப்போது பட்டியல் எழுதும் வேலையில் இருக்கிறார்கள். நோட்டில் ஐந்து பத்திதான்: வீட்டு எண், உழும் ஏக்கர், அது யார் பெயரில் இருந்தாலும் சரி, கறவை மாடு, கோழி வாத்து, வெற்றிலையோ வேறு அரிய பயிரோ. சித்தப்பா காலமாகிவிட்டார், அந்த வீட்டில் அவர் மகன் இருக்கிறான், அவனும் பால் வியாபாரம்தான். அவன் வீட்டு வரியில் ஏக்கர் பத்தியில் 0 என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்துப் பத்தியில் 9.